வாடகைக் கொள்ளி

கல்லூரியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் போட்டுக் கண்ட கம்ப்யூட்டரிலும் ஓட்டியவன் அண்ணன். இப்போது கனடாவில் இருக்கிறான். ‘அம்மாவுக்கு ஒண்ணுன்னா செருகிடு’ என்று போன வருடமே தன் மனசையும் அப்படியே ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கூரியரில் அனுப்பிவிட்டான்.

அம்மா போனதும், மயானத்தில் வாடகைக்குத் தரும் உடம்பின் பிடரியில் அதைச் செருகினாள் தமயந்தி. காலையில் வேறு யார் அம்மாவுக்கோ மொட்டையடித்த தலை. நெய் நாற்றம்கூடப் போகவில்லை. கொள்ளி வைத்துவிட்டு, அது “அம்மா!” என்று புரண்டு கதறியது.

“இந்த ஞாபகத்தையெல்லாம் சேவ் பண்ணி அண்ணனுக்கு அனுப்பவாம்மா?” என்றார் மயான ஊழியர்.

“வேணாமாம். நாளைக்கு அவனுக்கு மீட்டிங்.”

பிடுங்கினாள். கதறல் பாதியில் நின்றது.

வாசலுக்கு வருவதற்குள் அண்ணனின் போன்.

“எல்லாம் முடிஞ்சுதா தமயந்தி? நாலு பேர் மெச்சுற மாதிரி அழுதேனா?”