மூன்று சிவப்புப் பொட்டுகள்

"நீ பெட்டிக்குக் காவல் இரு தனு, நான் சாப்பிடப் பற்றீஸ் வாங்கிக்கொண்டு ஓடி வாறன்," என்றுவிட்டு ஐறீன் படியிறங்கினாள்.

செருப்புச் சத்தம் தெருவோடு கலந்ததும் தனுஷியா கைப்பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள்.

காவலுக்கு நிற்பவளே கைவைப்பது அழகில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் மூன்று மாதமாக வயிறெரிந்துகொண்டிருப்பவளுக்கு அழகாவது ஒன்றாவது.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காலால் மிதிக்கிற, உள்ளங்கை அகல பெடல். ஒரு பக்கத்தால் கிற்றார் சத்தத்தையோ பழைய கசெட் பாட்டையோ கொடுத்தால், மறுபக்கத்தால் உறுமலாகவும் அலறலாகவும் திருப்பித் தரும்.

இந்த இரைச்சலை இசையென்று நம்பி, காசு கொடுத்துக் கேட்கிறவர்கள் கொழும்பில் ஐம்பது பேராவது இருந்தார்கள். அந்த ஐம்பது பேரும் ஐறீனின் கறுப்புப் பெட்டியைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

கடலுக்கு அடியில் யாரோ துருப்பிடித்த கேற்றை இழுத்துத் திறப்பது போன்ற சத்தம். எங்கே வாங்கினாய் என்று கேட்டால் ஐறீன் சிரித்து மழுப்புவாள்.

ஈயம் பற்றவைக்கிற சோல்டரிங் அயனை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அதுதான் தனுஷியாவுக்குப் பொறுக்கவில்லை.

தனுஷியா பெடல்களைத் தானே செய்கிறவள். வெள்ளவத்தை வீட்டில், இரண்டு பேர் திரும்ப முடியாத அறையில், ஒவ்வொரு இணைப்பையும் சோதித்து, சரியென்று கண்டபிறகு அதன்மேல் நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூடெக்ஸால் ஒரு பொட்டு வைப்பாள். ஈயத்துக்கும் பொட்டு வைக்கிறவள் என்று ஐறீன் நக்கலடிப்பாள்.

ஒரு இணைப்புச் சரிவராவிட்டாலும் அந்தப் பலகை, அந்த இடத்தில் மட்டும் பொட்டில்லாமல், பிஸ்கட் டின்னுக்குள் போகும். டின் நிறைந்தால் குப்பைக்குப் போகும். அவளுடைய மேசையில் பிழைக்கு இடமில்லை.

அப்படிப்பட்டவளின் பெடல்களைக் கேட்டுவிட்டு எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். நேர்த்தி. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு யாரையாவது அறையலாம் போலிருக்கும்.

இன்று பின்னேரம் ஆறு மணிக்குக் கீழே மண்டபத்தில் இரண்டு பேரும் வாசிக்கிறார்கள். ஜகார்த்தாவிலிருந்து வந்திருக்கும் பெண் கேட்டுவிட்டு, ஒருத்தியை மட்டும் அங்கே நடக்கும் விழாவுக்குக் கூட்டிப்போவாள். அந்த ஒருத்தி யார் என்று தனுஷியா யாரையும் கேட்கத் தேவையில்லை.

நான்கு ஆணிகள். மூடி வந்தது.

உள்ளே விளிம்புவரை கறுப்பு மெழுகு. கொட்டாஞ்சேனைக் கோயில் மெழுகுதிரியை உருக்கிச் சாயம் கலந்து ஊற்றியிருக்க வேண்டும், மணம் அப்படியே இருந்தது. உள்ளதை ஒருவரும் பார்த்துப் பிரதி எடுக்கக்கூடாதென்று இப்படி அடைத்துவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். கள்ளி, என்று நினைத்துக்கொண்டாள்.

பிளேட்டால் சுரண்டினாள். மெழுகுக்குள்ளிருந்து ஒரு ட்ரான்சிஸ்டர் தலைகாட்டியது.

பார்த்த கணமே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று கால்களும் இடம்வலமாக மாறி, தலைகீழாக நின்றது. முதல்முதலாகச் சோல்டர் பிடிக்கிறவர்கள் விடுகிற பிழை.

இவ்வளவு புகழும் ஒரு பிழைக்கா?

சிரிப்பு அதோடு நின்றது. எவனோ ஒரு முட்டாள் செய்ததை வைத்துக்கொண்டு இவள் ஜகார்த்தா போகப் போகிறாள்.

சோல்டரிங் அயன் பையில் இருந்தது. செருகினாள்.

சுற்றுப்பலகையை மெழுகோடு நெம்பி வெளியே எடுத்துத் திருப்பி, அந்த மூன்று கால்கள் இருந்த இடத்தில் மட்டும் மெழுகை வழித்தாள். கழற்றும்போது ஒரு கால் முறிந்தது. போகட்டும், புதிது இருக்கிறது. நேராக, சரியாக, பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தாள்.

கெடுக்கவில்லையே. திருத்தினாள். திருத்தியதற்கு யார் குற்றம் சொல்ல முடியும்?

வயரைச் செருகி ஒருமுறை மிதித்தாள். கடலும் இல்லை, கேற்றும் இல்லை. ஒழுங்கான, அடக்கமான ஒரு உறுமல். நேர்த்தி.

அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சரியென்று கண்டபிறகு அவள் கை சும்மா இருக்காது. யோசிக்கும் முன்னமே கியூடெக்ஸ் போத்தல் திறந்திருந்தது. மூன்று கால்களுக்கும் மூன்று பொட்டு. வைத்தபிறகுதான் தன் மடத்தனம் உறைத்தது. மேலே மெழுகைத் திரும்ப உருக்கி ஊற்றினால் தெரியாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

பக்கத்து இணைப்பிலும் கொஞ்சம் சிவப்புப் பட்டிருந்தது. பெருவிரலால் துடைத்தாள். போகவில்லை.

அது காய்ந்து கனகாலம்.

பிளேட்டை எடுத்து அடுத்ததைச் சுரண்டினாள். அதிலும் ஒரு பொட்டு. அதற்கடுத்ததிலும். பலகை முழுக்க வரிசையாகப் பொட்டுகள், கழற்றி எறிந்த ட்ரான்சிஸ்டருக்கு மட்டும் இருந்திருக்காது.

போன சித்திரையில் நிறைந்த டின்னைக் குப்பையில் போடச் சொல்லி ஐறீனின் கையில்தான் கொடுத்துவிட்டிருந்தாள்.

முறிந்த கால் நிலத்தில் எங்கே விழுந்ததென்று தேடக் குனிந்தபோது கதவடியில் செருப்பு தெரிந்தது.

ஐறீன் உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள். கியூடெக்ஸ் போத்தலைப் பார்த்தாள். பற்றீஸ் பையை மேசையில் வைத்தாள்.

"இது உன்ரதெண்டு எத்தினை தரம் சொல்ல வந்தனான் தெரியுமா, தனு? நீ கண்டால் திருத்திப்போடுவாய் எண்டுதான் மெழுகு ஊத்தினனான்."

தனுஷியா பலகையைக் கையால் மறைக்கப் பார்த்தாள். மூன்று பொட்டும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தன. அவை இன்னும் காய்ந்திருக்கவில்லை.