நாலு மிஷின்

"ஃபைல் இவ்வளவு பெருசா இருக்கேம்மா! சர்வர் ஒரு தடவைக்கு ரெண்டு எம்பிதான் வாங்கிக்கும்" என்றார் ப்ரவுசிங் சென்டர் பாச்சா.

"வாங்கலன்னா விட்டுடுவேனா சார்? பதினாலு துண்டா வெட்டிட்டேன்" என்றாள் கீர்த்தி.

நெசவாளர் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. மருத்துவ அட்டைக்கான பெயர்ப் பட்டியல் சாயங்காலம் அஞ்சு மணிக்குள் வெப்சைட்டில் ஏறியாக வேண்டும். தவறினால் மூவாயிரம் குடும்பத்துக்கு இந்த வருஷம் அட்டை கிடையாது.

மூன்று துண்டு ஏறியது. நாலாவது பாதியில் அறுந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அறுந்தது. தறிக்காரன் மகளாச்சே, இழை அறுந்தால் எழுந்து போய்விடுவாளா என்ன?

ஆனால் கோபம் வந்தது. "அஞ்சு மிஷினும் ஒரே லைன்ல தொங்கினா எப்படி சார் ஏறும்?" என்று கத்தியேவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கந்தன். ஐயம்பேட்டை நெசவாளி. பெயர் கொடுக்க ஒரு நாள் தாமதமாக வந்து, போன வாரமே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"எங்க நாலு பேரு பேரையும் சேர்த்துக்கம்மா..."

"கடைசித் தேதின்னா கடைசித் தேதிதான். நானே உயிரை விட்டுக்கினு இருக்கேன், போங்கண்ணா!"

போனவர் மத்தியானம் மூன்று பேரோடு திரும்பி வந்தார். மிச்சமிருந்த நாலு மிஷின் முன்னாலும் ஆளுக்கொருவராகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மவுஸைத் தொடவில்லை, பேச்சுமில்லை. சாட்டிங் பண்ண வந்த காலேஜ் பையன்கள் இடமில்லாமல் திரும்பிப் போனார்கள்.

மறியலா? பண்ணட்டும்! கீர்த்தி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நாலாவதை மறுபடி போட்டாள். ஏறியது. அஞ்சு, ஆறு, ஏழு... நாலே முக்காலுக்குப் பதினாலாவதும் ஏறிவிட்டது.

"காமாட்சித் தாயே, லைனைச் சரி பண்ணி என் மானத்தைக் காப்பாத்திட்டே!"

நாலு பேரும் எழுந்தார்கள். அவள் வாய் சும்மா இருக்குமா? "இப்படி மொறைச்சுக்கினு உட்கார்ந்தா பேரு ஏறிடுமாண்ணா?"

"எங்க பேரு கெடக்குதும்மா. மத்தவங்களுது எல்லாம் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"அது போதும்." கந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

பாச்சா மெதுவாகச் சொன்னார்: "காமாட்சியைச் சொன்னியேம்மா... காலையில நீ கத்தினது அவர் காதுல விழுந்துடுத்து. வேற யாரும் லைனைத் தொட்டுடக் கூடாதுன்னு, காசு குடுத்து நாலு மிஷினையும் எடுத்துண்டு, சும்மா உக்காந்திருந்தா அவா."