தபால்காரரை யாரும் தொடவில்லை

கே.கே. நகர் பள்ளியொன்றின் யு.கே.ஜி. வகுப்பில், ‘நமக்கு உதவுபவர்கள்’ என்று மதுவந்தி மிஸ் ஒட்டியிருந்த படங்களில், திங்களன்று போலீஸ்காரரைக் காணோம். செவ்வாயன்று டாக்டரைக் காணோம். தபால்காரரை யாரும் தொடவில்லை.

மிஸ்ஸுக்கு வாட்ச்மேன் மேலும் சந்தேகம், வேன் டிரைவர் மேலும் சந்தேகம்.

புதன் மாலை கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றார். ஜானுவை அழைக்க வந்த அவள் அம்மா, ‘ஆசிரியர்’ என்று ஒட்டியிருந்த மிஸ்ஸின் போட்டோவையே உரித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

“என் போட்டோ உங்களுக்கு எதுக்கு?”

“தப்பா நினைக்காதீங்க மிஸ். ஜானு இம்புட்டுச் சோறுகூடத் திங்க மாட்டேங்குறா. போலீஸ் படத்தைக் காட்டி, புடிச்சுக் குடுத்துருவேன்னேன். ஒரு நாள் தின்னா. டாக்டரைக் காட்டி, ஊசி போடச் சொல்வேன்னேன். அதுவும் ஒரு நாள்தான். இனி நீங்கதான் மிஸ் உதவணும்.”