பின்பாதி என்னுடையது

ஔசேப்பின் பெயரை அவர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஔசேப்பு என் மாமனார். செத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் எனக்கு முன்னால் முழந்தாளில் நிற்கும் அவருடைய மகன்மேல், என் புருஷன் தேவசியாமேல்.

எங்கள் வீட்டில் மாலை ஜெபம் ஒருநாளும் தப்பியது கிடையாது. ரப்பர் தோட்டத்தில் தேவசியாவைப் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றுகூட வீங்கிய காலை நீட்டிக்கொண்டு ஜெபமாலையை உருட்டினார். பக்கத்து வீட்டு மோளி எங்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் அரிசி களைவாள்.

ஜெபமாலை முடிந்ததும் பெயர்கள் வரும். முதலில் தூரத்தில் இருப்பவர்கள், அப்புறம் நோயாளிகள், கடைசியில் மரித்தவர்கள்.

பெயரைச் சொல்லும் முன்பாதி அவருக்கு, பதில் சொல்லும் பின்பாதி எனக்கு. தூரத்தில் இருப்பவர்களுக்குத் ‘துணையாக இரும்’ என்பேன். நோயாளிகளுக்குக் ‘குணமாக்கும்’. மரித்தவர்களுக்கு ‘அணையாத ஒளி ஒளிரட்டும்’. முப்பத்தொரு வருடமாகச் சொல்கிற வாய். மனசு மீன்குழம்பில் கிடந்தாலும் அது தன்பாட்டுக்குச் சொல்லிவிடும்.

இரண்டு வருடமாக ஒரு பெயர் மட்டும் எந்த வரிசையிலும் வருவதில்லை. எங்கள் மகள் ரின்ஸி.

பஸ் ஓட்டுகிற சுதீஷோடு போய், கோயிலும் இல்லாமல் குருவும் இல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்று மாலை, தோஹாவில் இருக்கும் மகன் பெயரைச் சொன்னவர், அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் இருமிவிட்டு மேலே போய்விட்டார். யார் வீட்டுப் பசுவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஜெபிக்கிற மனிதர். பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி இல்லை.

இன்று காலை மீன்காரன் ஷுக்கூர் மத்தியை நிறுத்துக்கொண்டே சொன்னான்.

“சேச்சி, உங்க ரின்ஸிய பெரியாஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம். உங்களுக்குத் தெரியாதா?”

மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தேவசியாவிடம் சொன்னேன். நான் போகிறேன் என்றேன். அவர் நீ இரு என்று கையைக் காட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ இறங்கிப் போனார்.

நான் இருந்தேன். அந்தக் கையை மீறிப் படியிறங்க எனக்கு இன்றும் தைரியம் வரவில்லை. அதற்கு யார்மேல் பழிபோடுவது?

விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பினார். குளித்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார்.

நோயாளிகளின் வரிசை வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இன்றைக்காவது சொல்லுவார். கோயிலில் மணியடிக்கிற குரியன் பெயர் வந்தது. மோளியின் முழங்கால் வலி வந்தது. ரின்ஸி வரவில்லை. நேரே மரித்தவர்களுக்குப் போய், தன் அப்பனில் ஆரம்பித்தார்.

அப்போதுதான் வாயை மூடினேன்.

“ஏலி, சொல்லு” என்றார்.

“பிள்ளை பேரச் சொல்லுங்க இச்சாயா. அதுக்கப்புறம் உங்க அப்பனுக்கு ஒளி வரும்.”

“இன்னைக்கு வேண்டாம்டி.”

“இன்னைக்குத்தான் வேணும்.”

மாதா படத்துக்கு முன்னால் தேவசியாவின் தலை குனிந்தது. முதுகு கொஞ்சம் அசைந்தது. கல்யாணமான நாள் முதல் அவரை ஒரு காரியத்திலும் நான் ஜெயித்ததில்லை. இப்போது ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சொன்னார். குரல் எழும்பவில்லை, முன்பாதி தொண்டையிலேயே நசுங்கிவிட்டது. என் காதுக்கு எட்டியது பெயர் மட்டும்தான்.

ரின்ஸி.

இரண்டு வருடத்துக்கு அப்புறம், இந்த வீட்டில், அவர் வாயால். மோளி வீடு வரை கேட்கட்டும் என்று என் பாதியைக் கணீரென்று சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

அணையாத ஒளி அவள்மேல் ஒளிரட்டும்.

“குணமாக்கும்” என்று அவசரமாக மாற்றிச் சொன்னேன். “குணமாக்கும், குணமாக்கும், ஆண்டவரே குணமாக்கும்.”

தேவசியா திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மூணு மணிக்கு, ஏலி. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் மோளி அரிசி களைகிற சத்தம் கேட்டது.

“அந்தப் பையன் சுதீஷ் முற்றத்துல நிக்கிறான்” என்றார் தேவசியா. “ஜெபம் முடியட்டும்னு நிக்கிறான். நான் கூப்பிட்டேன், படியேற மாட்டேங்கிறான். நீ போய்க் கூப்பிடுடி.”