பதினோராவது சட்டை

எனக்குச் சங்கீதம் தெரியாது. சட்டை தேய்க்கத் தெரியும். கடையில் ஒரு இசைத்தட்டு ஓடி முடிவதற்குள் எத்தனை சட்டை தேய்க்கிறேனோ, அதுதான் என் விமர்சனம். சிம்பொனிக்கு எட்டு. ராக் இசைக்குப் பன்னிரண்டு, ஆனால் ஒரு காலராவது கருகும். சோகப் பாட்டுக்கு நாலுதான், அதற்குமேல் கை ஓடாது.

அந்தப் பழைய ஜாஸ் கச்சேரித் தட்டுக்குப் பதினொன்று. அன்று கூடையில் இருந்ததோ பத்து. இருபது வருடத்தில் என் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அன்றும் தப்பவில்லை; தட்டு முடிந்தபோது பதினோராவதாக ஒரு சட்டை என் கையில் இருந்தது.

“யாரு சட்டைங்க இது?” என்றாள் மனைவி.

“இந்தத் தட்டுல டிரம்ஸ் வாசிக்கிறவரோடது. கேட்டாலே தெரியலையா?” என்று சொல்லிவிட்டு, மடிப்புக் கலையாமல் கொடியில் மாட்டினேன்.

தட்டைத் திருப்பிப் போட்டேன். கைதட்டல் அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தால், சட்டையின் இரண்டு கைகளும் முழங்கைவரை சுருட்டப்பட்டிருந்தன. முதுகு வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.