முன் சீட்டு

கன்னையன் ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் பின்னால் பெண்களின் பேச்சு நின்றுபோனது.

அது அவன் மனைவி ரேணுகாவின் இடம்.

சிலமலையிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் எல்லோரும் பின்னால்தான் நெருக்கியடித்து உட்காருவார்கள். காலையில் ரேணுகாவும் அவர்களோடுதான் போவாள். சாயங்காலம் இறங்கும்போது மட்டும் டிரைவர் பிரதீப் அவளை முன்னால் கூப்பிட்டு வைத்துக்கொள்வான். வேறு யார் ஏறினாலும் இறக்கிவிடுவான்.

ஊர் பேசாமல் இருக்குமா?

எல்லாம் அவன் கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே சோடாபுட்டி போட்டவன் பிரதீப். மழையிலும் மஞ்சிலும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை என்று மதுரைக்குப் போய்க் கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டு வந்தான். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் ரேணுகா முன் சீட்டுக்கு வந்தாள்.

டீக்கடையில் யாரோ சிரித்துக்கொண்டே சொன்னது கன்னையனின் காதில் விழுந்தது. அன்றைக்கே அவளை அடித்தான். உதடு கிழிந்தது. கன்னம் வீங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டது. உங்களுக்குள் என்ன என்று அவன் கேட்ட ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை.

மறுநாள் அவளுக்குப் பதிலாக அவனே வேலைக்குக் கிளம்பிவிட்டான். பகலெல்லாம் தோட்டத்தில் செடிக்கு மருந்தடித்தான். சாயங்காலம் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

பிரதீப் சாவியைத் திருப்பாமல் தயங்கினான்.

"அக்கா நாளைக்கு வருமாண்ணே?"

"இனிமே வரமாட்டா. வண்டிய எடு."

அக்காவாம். கன்னையன் பல்லைக் கடித்தான்.

போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டும்வரை வெளிச்சம் இருந்தது. கீழே இறங்க இறங்க மஞ்சு வந்து மூடிக்கொண்டது. பிரதீப் ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்தாற்போல் குனிந்து ஓட்டினான். மலை ரோட்டில் பிறந்து வளர்ந்தவன் என்று பெயர், வண்டி என்னவோ நத்தையாக ஊர்ந்தது.

கன்னையன் ரோட்டைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். இதில் அவள் என்னத்தைக் கண்டாள்?

கொண்டை ஊசி வளைவு ஒன்று திரும்பியதும் எதிரே வெளிச்சம் வந்தது.

பிரதீப்பின் கைகள் இறுகின.

"அண்ணே, எதிர்ல வர்றது ஒரு வண்டியா, ரெண்டா?"

கன்னையனுக்குச் சுர்ரென்று ஏறியது. நக்கல். பொண்டாட்டியை மயக்கியது போதாதென்று புருஷனைக் கிளீனராக்கிப் பார்க்கிறான். கன்னையன் வாயைத் திறக்கவில்லை.

"வெரசா சொல்லுங்கண்ணே!"

அந்தக் குரலில் நக்கல் இல்லை.

அப்போதுதான் கன்னையன் ரோட்டின் பக்கம் திரும்பினான். ஏறிவந்தது ஒரு லாரி. அதை முந்திக்கொண்டு இவர்கள் பக்கமாகவே வந்தது ஒரு கார். அவன் கண்ணுக்கு இரண்டும் தனித்தனியாக, தெளிவாகத் தெரிந்தன.

அவன் கத்தினான். பிரதீப் மலைப்பக்கமாக ஒடித்தான். ஜீப் பாறையில் மோதிச் சாய்ந்தது.

பின்னால் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பேர் ரோட்டில் கிடந்தார்கள். ராக்கு முனகிக்கொண்டிருந்தாள். அனுசியா முனகவில்லை. சித்திரையில் கல்யாணமாகி, இந்தப் பறிப்புக்குத்தான் வேலைக்கு வர ஆரம்பித்தவள். லாரியின் வெளிச்சத்தில் அவளுடைய புதுத்தாலியின் மஞ்சள் கயிறு தெரிந்தது.

கன்னையன் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தான். அவன் சட்டை நனைந்துகொண்டே போனது.

பிரதீப் ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரும் கேட்காமலே பேசினான்.

"பகல்ல குறையே இல்லண்ணே. போர்டுல கடைசி எழுத்து வரைக்கும் படிக்கிறேன், கண்ணு சுத்தமா இருக்குன்னு டாக்டரு சொல்லி அனுப்பிட்டாரு. லேசர் வச்சதுலருந்து பொழுது சாஞ்சா எதிர் லைட்டு பூவாட்டம் விரிஞ்சிருது. ரோட்டையே மறைச்சிருது. ஒண்ணா ரெண்டான்னு தெரியல. அக்காதான் பக்கத்துல இருந்து சொல்லிக்கிட்டே வரும். வெளிய தெரிஞ்சா வண்டி கைய விட்டுப் போயிரும்னு நான்தான் அதுகிட்ட சத்தியம் வாங்கினேன்."

கன்னையன் அவனை அடிக்கவில்லை. கையைத் தூக்கத் தெம்பில்லை.

அனுசியாவையும் ராக்குவையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் இறங்கி வந்த வேறொரு வண்டி போடிக்குப் போனது. கூடவே போன கன்னையன், ஆஸ்பத்திரி வாசலில் அனுசியா வீட்டு ஆட்கள் ஓடிவருவதைப் பார்த்ததும் அங்கே நிற்க முடியாமல் கிளம்பிவிட்டான்.

சிலமலைக்கு அவனுக்கு முன்பே செய்தி வந்திருந்தது. தெருவில் அழுகை கேட்டது. ரேணுகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் சட்டையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால்.

"அவன் கேட்டானா?"

கன்னையன் தலையை மட்டும் ஆட்டினான்.

வீங்கிய உதடு வலிக்க, அவள் மெதுவாக அடுத்ததைக் கேட்டாள்.

"நீங்க சொன்னீகளா?"