சுவருக்கு ஒரு காவல்

“இது யார் வீட்டுச் சுவருன்னு தெரியுமாடா?” என்று மாடியிலிருந்து கத்தினார் இளஞ்செழியன். கையில் வாளித் தண்ணீர் தயாராக இருந்தது.

கீழே சுவரைப் பார்த்து நின்ற ஆட்டோக்காரன் சங்கிலி, வந்த வேலையை முடிக்காமல் திரும்பவில்லை.

“முக்குல இருந்த கக்கூசப் பூட்டி வருசமாச்சு. நாகல் நகர்ல வேற எங்கிட்டுப் போறதாம்? சுவரு உங்களுதுதான் சார், யாரு இல்லேன்னா? ரோடு பொதுதான?”

வாளி கவிழ்ந்தது. தண்ணீர் ரோட்டுக்குத்தான் போனது.

இளஞ்செழியன் ஓய்வுபெற்ற அதிகாரி. வாங்கிய பட்டங்களையும் வகித்த பதவிகளையும் கிரானைட்டில் வெட்டி, கேட்டுக்குப் பக்கத்தில் பதித்திருந்தார். அதன் அடியில்தான் திண்டுக்கல்லே வந்து ஒதுங்குகிறது என்பது அவருடைய தீராத வயிற்றெரிச்சல். எச்சரிக்கை எழுதினார், மனுக் கொடுத்தார். சுவரின் ஈரம் காயவில்லை.

கடைசியில் டைல்ஸ் கடைக்குப் போனார். சிரித்த முகச் சாமிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அரிவாளும் மீசையுமாக முறைக்கும் கருப்பசாமியை வாங்கிவந்து பதித்தார். அவருக்குச் சாமி கும்பிடும் பழக்கம் கிடையாது. சாமிக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்களே, அது போதும்.

மறுநாள் சங்கிலி சுவரை நெருங்கியதும் சட்டென்று நின்றான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒதுங்காமலே திரும்பிப் போனான்.

“பாத்தியா, நடுங்கிட்டான்,” என்றார் மனைவி புவனேஸ்வரியிடம். அந்த நிம்மதியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போய், கோடை முழுக்க அங்கேயே இருந்தார்கள்.

திரும்பி வந்த அன்று வாடகைக் கார் தெருமுனையைத் தாண்ட முடியவில்லை. கேட்டை மறித்துத் தகரக் கொட்டகை, சீரியல் லைட்டு, பூக்கடை. கேட்டுக் கம்பியில் ஒரு கிடாயைக் கட்டியிருந்தார்கள். கிரானைட் முழுக்கச் சந்தனம் அப்பியிருந்ததில் ஒரு பதவிகூட வெளியே தெரியவில்லை.

பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி வந்தவரை ஒரு கை மறித்தது. நெற்றி நிறைய விபூதியும் இடுப்பில் சிவப்புத் துண்டுமாகச் சங்கிலி நின்றான்.

“வழிய விடுடா. இது என் வீட்டு வாசல்.”

சங்கிலி அவருடைய காலைப் பார்த்தான்.

“வாசல் உங்களுதுதான் சார், யாரு இல்லேன்னா? செருப்பக் கழட்டிட்டுப் போங்க.”